முதலாவது வட்டம்

“புள்ளி இருக்கோ பிள்ளை?”

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்போதே இளையதம்பி கேட்டார். மழித்த முகம், மடிப்புக் கலையாத சட்டை, கையில் குடை. நல்ல சேதி ஒன்று கட்டாயம் கிடைக்கும் என்று நம்பி வந்தவர் போலிருந்தார்.

சுனாமியில் காணாமற்போனவர்களைத் தேடவென்று வெளிநாட்டுத் தமிழர் சிலர் ஓர் இணையத்தளம் தொடங்கியிருந்தார்கள். வவுனியாவில் இந்த இன்ரநெட் கடையில் வேலை பார்க்கும் றஸ்மியாவுக்கு, ஆறு மாதமாக அதில் ஆட்களின் விபரங்களைப் பதிவதுதான் முக்கால்வாசி வேலை. முல்லைத்தீவுக் கரையிலிருந்து இரண்டு சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, மாதம் தவறாமல் வருகிறவர் இளையதம்பி ஒருவர்தான். மகன் அஜந்தனுக்காக.

படிவத்தில் ‘தற்போதைய நிலை’ என்ற கேள்விக்குக் கீழே மூன்று வட்டங்கள் இருக்கும். உயிருடன் இருக்கிறார், இறந்துவிட்டார், தெரியாது. பக்கம் திறக்கும்போதே முதலாவது வட்டத்துக்குள் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்திருக்கும். யாரும் விசாரித்து அறிந்து போட்ட புள்ளியல்ல அது. தளத்தைச் செய்தவர் அப்படி அமைத்துவிட்டார், ஆயிரம் பேருக்கும் அப்படித்தான் விழும்.

முதல் நாள் அதைக் கண்டதும், “ஆர் பிள்ளை இதைப் போட்டது?” என்று இளையதம்பி கேட்டார். பின்னால் ஏழெட்டுப் பேர் காத்துக்கொண்டிருந்த அவசரத்தில், “இதை நடத்துற அவையள்தான் போட்டிருக்கினம் ஐயா” என்று றஸ்மியா சொல்லிவிட்டாள். அந்த ஒரு சொல்தான் வினையாகிப் போனது.

அன்றிலிருந்து மாதாமாதம் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். அலை அடித்த அன்று இடுப்பெலும்பு முறிந்து ஆசுபத்திரிக்குப் போன மனைவி தங்கம்மா இன்னும் எழும்பி நடக்கவில்லை. அவளிடம் கொண்டுபோய்க் காட்டத்தான் அந்தத் தாள்.

“அதைக் கண்டாத்தான் பிள்ளை மனுசி சோத்தில கை வைப்பா. போன மாசம் பஸ் இல்லாமல் ரெண்டு நாள் பிந்திப் போனன். ரெண்டு நாளும் வெறுந் தண்ணிதான்.”

மற்றவர்கள் எல்லாரும் ஏதும் தகவல் வந்திருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். இந்த மனிதர் புள்ளியை மட்டும் கேட்பார். போன முறை, திருகோணமலையில் ஓர் ஆசுபத்திரியில் தன் பெயரைச் சொல்லத் தெரியாமல் ஓர் இளைஞன் இருப்பதாகத் தளத்தில் படம் வந்திருந்தது. வயதும் அஜந்தனின் வயதுதான், பத்தொன்பது.

றஸ்மியா ஆவலோடு அதைத் திறந்து காட்டினாள். “அவனா இருக்காது பிள்ளை, நீ பேப்பரை எடுத்துத் தா” என்றார் இளையதம்பி, படத்தைச் சரியாகப் பார்க்காமலே. ஏமாந்துவிடப் பயப்படுகிறார் பாவம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இன்றைக்கு அந்தப் பேப்பரையும் எடுத்துக் கொடுக்க வழியில்லை. முந்தநாள் தளத்தைப் புதுப்பித்திருந்தார்கள். பழைய புள்ளிகளையெல்லாம் துடைத்துவிட்டு, குடும்பத்தார் தாங்கள் அறிந்ததையே தெரிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பெயர் நீக்கப்படும் என்று சிவப்பு எழுத்தில் அறிவித்தல் போட்டிருந்தார்கள்.

“முதல்ல இதில இருங்கோ ஐயா,” என்று கதிரையை இழுத்துப் போட்டாள். “புள்ளி இல்லை.”

இளையதம்பியின் முகம் செத்துப்போனது. “ஆர் எடுத்தது?”

இனி ஒளிப்பதில் அர்த்தமில்லை. “ஒருத்தரும் எடுக்கேல்லை ஐயா. ஒருத்தரும் போடவும் இல்லை. அது எல்லாருக்கும் தானா விழுற புள்ளி. நான்தான் அண்டைக்கு அவையள் போட்டது எண்டு சொல்லிப்போட்டன். பிறகு உங்கட முகத்தைப் பாக்க, உண்மையைச் சொல்ல வாய் வரேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

எங்கோ பாயில் கிடக்கும் ஒரு தாயின் சோற்றில் மண்ணள்ளிப் போட்டுவிட்டோமே என்று றஸ்மியாவின் மனம் அடித்துக்கொண்டது. அவர் திட்டினால்கூட நன்றாயிருக்கும் போலிருந்தது.

அவர் திட்டவில்லை. வெறுமையாகக் கிடந்த மூன்று வட்டங்களையும் பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பிப் போகும் பஸ்ஸுக்கு இன்னும் அரை மணித்தியாலம்தான் இருந்தது.

“அப்ப இனி ஆர் போடோணும்?”

“நீங்கள்தான் சொல்லோணும் ஐயா. நான் போட்டுவிடுறன்.”

“முதலாவதிலயே போடு பிள்ளை. பழையபடி பேப்பரை எடு.”

மவுஸில் வைத்த கையை றஸ்மியா எடுத்துவிட்டாள். ஒருமுறை சொன்ன பொய்யே ஆறு மாதமாக நித்திரையைக் கெடுக்கிறது. இன்னொன்றையும் தன் கையால் போட அவளுக்குத் தெம்பில்லை.

“அறிஞ்சதைத்தான் போடச் சொல்லியிருக்கினம் ஐயா. நாளைக்கு அம்மாவும் சும்மா நம்பி ஏமாறக்கூடாது. மூண்டாவதில போடுவம். ‘தெரியாது’ எண்டு. அதுதானே உண்மை?”

இளையதம்பி எழுந்து, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்தார். பிறகு அவள் பக்கம் குனிந்தார்.

“அதுவும் பொய்தான் பிள்ளை. அவனை என்ர கையாலதான் குழி வெட்டித் தாட்டனான்.”