பதினோராவது தட்டு

"அண்ணன் செத்த வளைவுலயே அவனுக்கு விளக்கு வைங்க."

முதலாளி மனூசோஸிடம் இதை மட்டும் கேட்காதே என்று, அவர் கடையில் சமைக்கும் அம்மா சொல்லியிருந்தாள். கேட்டுவிட்டேன்.

எங்கள் கிரீட் தீவில் ரோட்டில் செத்தவனுக்கு அந்த இடத்திலேயே சின்னக் கூடு கட்டி எண்ணெய் விளக்கு வைப்பார்கள். பைக்கில் தீவைச் சுற்ற வருகிறவர்களுக்கு முதலாளியிடம் வழிகாட்டியாக இருந்த என் அண்ணன் ஸ்த்ராதிஸுக்கு மட்டும், அவர் நாலு கிலோமீட்டர் தள்ளி, ஆலிவ் தோப்புக்குள் வைத்தார்.

"வர்றவங்க ஆட்டுக்கறி தின்னு வைன் குடிக்க வர்றாங்க, சாவு வீட்டுக்கா வர்றாங்க? காலேஜ் போனா இவ்வளவு வாயா, காலிரோயி?"

"அன்னைக்கு வண்டி ஓட்டணும், வேண்டாம்னவனுக்கு ஊத்தினது யாரு?"

"நீ கிரீட்காரன்தானே, குடிடான்னேன். குடிச்சான்." சிரித்தார்.

அதற்கப்புறம் காலையில் பத்து பைக் கிளம்பினால், மதியம் கடை வாசலில் பதினொன்று நிற்கிறது. பத்துப் பேர்தான் உட்காருகிறார்கள். நான் பதினோரு எச்சில் தட்டு கழுவுகிறேன். திரும்பிப் போகும்போது பதினோராவது பைக் எல்லாருக்கும் கடைசியில் போகும். அம்மாவும் பார்க்கிறாள்.

இன்று வழிகாட்டி வரவில்லை. மனூசோஸே முன்னால் ஓட்டிப் போகவேண்டும். வாசலை எட்டிப் பார்த்தேன். பதினோராவது பைக் இன்று வரிசையில் முதலாவதாக, அவர் பைக்குக்கு முன்னால் நின்றது. சாவி இல்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே வந்து அவர் கிளாஸில் விளிம்புவரை வைன் ஊற்றினேன்.

"போதும்மா, வண்டி ஓட்டணும்."

"நீங்க கிரீட்காரர்தானே, குடிங்க."

குடித்தார். நான் இரண்டு விளக்குக்கு எண்ணெய் எடுத்துக்கொண்டு வளைவுப் பக்கம் நடந்தேன்.