தட்டானின் கணுக்கால்

மாலை ஆறு மணி தாண்டியும் வானொலி கணுக்காலை விடவில்லை.

தட்டான் என்று நாடே செல்லமாகக் கூப்பிடும் கால்பந்துக்காரனின் இடது கணுக்கால். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குள் வீக்கம் வடியுமா, வடியாதா? காலையிலிருந்து ஒரு மருத்துவர் பேசினார், ஒரு பாதிரியார் பேசினார், அவனுக்கு முடி வெட்டுகிறவன்கூடப் பேசிவிட்டான்.

எர்மெலிந்தா கைக்குழந்தையோடு கடை வாசலில் உட்கார்ந்திருந்தாள். அந்த ஆற்றங்கரையில் கைபேசி எதுவும் எடுக்காது. கடை வானொலி ஒன்றுதான் வழி.

தினமும் ஆறு மணிக்குச் செய்தி நேரம். நகரத்துக்குப் போனவர்கள் வானொலி நிலையத்து ஜன்னலில் வரிசையாக நின்று சொல்லிவிட்டுப் போவதை அறிவிப்பாளர் வாசிப்பார். படகு எப்போது வரும், மாடு விற்றதா, பிரசவம் ஆனதா, எல்லாம் கரையோர ஊர்கள் முழுக்கக் கேட்கும்.

முழுக்கக் கேட்கும் என்பதால்தான் அவள் புருஷன் எலியாசார் அப்படிச் சொல்லிவிட்டுப் போனான்.

மூத்தவள் நயேலியைப் போர்வையில் சுற்றிப் படகில் கிடத்தியிருந்தார்கள். குடல்வால் வெடித்திருக்கிறது, நகரத்தில் அறுத்தால்தான் உண்டு என்று சுகாதார நிலையத்துப் பெண் சொல்லியிருந்தாள். எலியாசார் மோட்டார் கயிற்றை இழுத்துக்கொண்டே, மனைவியின் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"புள்ள பொழைச்சிட்டா அந்த ஜன்னல்ல போய் நின்னு சொல்லி அனுப்பறேன். இல்லேன்னா அந்தத் தெருப் பக்கமே போகமாட்டேன். ஊரே கேக்கற மாதிரி அதை என்னால சொல்ல முடியாது."

அவளும் தலையாட்டினாள். படகு வளைவில் மறைந்த பிறகுதான் எதற்குத் தலையாட்டினோம் என்று உறைத்தது.

முந்தாநாள் அவள் பெயரை வாசிக்கவில்லை. நேற்றும் இல்லை.

இன்றைக்குச் செய்தி நேரமே இல்லை.

அவன் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லையா, அனுப்பியதை இவர்கள் வாசிக்கவில்லையா? அவளுக்கு எப்படித் தெரியும்?

குழந்தை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு வீறிட்டது. படகு போனதிலிருந்து பால் சரியாக இறங்கவில்லை.

"தோன் பெலிசாரியோ, வேற ஸ்டேஷன் வச்சுப் பாருங்களேன்," என்றாள் கடைக்காரரிடம்.

"எதுல வச்சாலும் அதே கால்தாம்மா."

"மாத்துனீங்க, உங்க கணுக்காலும் வீங்கிரும்," என்றான் பெஞ்சில் படுத்திருந்த மீன்காரன் ருஃபோ. "தட்டான் ஆடலேன்னா நாம செத்தோம்!"

அந்தச் சொல்லுக்கு அவள் குழந்தையின் காதைப் பொத்தினாள்.

வானொலியில் அறிவிப்பாளர் குதூகலமானார். "இப்ப பொதுமக்கள் என்ன நினைக்கறாங்கன்னு பாப்போம்! இதோ, வெளிய வரிசையில நிக்கறவங்ககிட்டயே கேட்டுருவோம்!"

ஒரு கிழவி தட்டானுக்காக மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறாளாம். ஒருவன் பாடியே காட்டினான்.

"ஐயா, நீங்க? தட்டானோட கணுக்கால் தேறுமா?"

கரகரவென்று இரைச்சல். பிறகு, தூக்கம் கெட்ட ஒரு குரல்.

"எந்தக் கணுக்கால்?"

எர்மெலிந்தா சட்டென்று வானொலிப் பக்கம் திரும்பினாள்.

"நாட்டுல இப்படியும் ஒரு மனுஷன்!" அறிவிப்பாளர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயா, எந்தக் காட்டுலேர்ந்து வர்றீங்க?"

"என் பொண்டாட்டிக்கு ஒரு..."

"அடுத்தவர்! நீங்க சொல்லுங்க!"

ருஃபோ துள்ளி எழுந்தான். "டேய், அது நம்ம எலியாசார்டா! எந்தக் கணுக்காலாம்! மானத்தை வாங்கிட்டானே!" கடையே தொடையைத் தட்டிச் சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. ஒரு... ஒரு என்ன? எதைச் சொல்ல வந்தான்? குழந்தை நழுவிவிடாமல் இறுக்கிக்கொண்டாள்.

அவன் என்ன சொன்னான் என்பதையே திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே நின்று சொன்னான் என்பது அவளுக்கு மெதுவாகத்தான் எட்டியது.

"வரிசையில," என்றாள் வாய்க்குள். "ஜன்னல் வரிசையில."

வானொலி மறுபடி வீக்கத்துக்குப் போனது.

மடியில் அழுகை எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. குழந்தை மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தது.