மாமியார் முகம்

மாமியாரின் முகத்தை எட்டாவது தடவையாகக் கத்தியால் சுரண்டி எடுத்தான் மாப்பிள்ளை. மூக்கு போயிற்று, கன்னம் போயிற்று, கத்தி வழுக்கியதில் நெற்றியும் கொஞ்சம் போயிற்று.

"போதும், துணி தெரியுது! கேன்வாஸ் கிழிஞ்சா அதுக்கும் என்கிட்டதான் வந்து நிப்பீங்க" என்று கத்தியைப் பிடுங்கிக்கொண்டாள் பெயின்டிங் டீச்சர்.

"சாயங்காலம் மாமா வந்துடுவார் டீச்சர்!" என்றவன் அழுதே விட்டான்.

பின்னே? கடைகளுக்கு போர்டு எழுதிப் பிழைத்த மாமா, ஆசைக்கென்று ஆயிலில் வரைந்த ஒரே படம் அது. ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து அவர் சட்டைக்குப் பட்டன் தைக்கிற மனைவி. போட்டோ என்றாலே ஓடி ஒளிந்துகொள்கிற அந்த மகராசி போய்ச் சேர்ந்த பிறகு, அவள் முகம் என்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

ரெண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் செய்துகொள்ள மூத்த மகன் வீட்டுக்குக் கிளம்பியபோதுகூட, "வீட்டுக்கு வந்ததும் முதல்ல அவளை நல்லாப் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

தன் கல்யாண போட்டோவில், பின்னால் சுவரில் தொங்கிய இந்தப் படத்தில் பளிச்சென்று தெரிந்த முகம் இப்போது மங்கிக் கிடக்கிறதே, துடைத்து வைத்து நல்ல பேர் வாங்கலாம் என்று நினைத்தான் மாப்பிள்ளை. டர்பன்டைனைத் துணியில் நனைத்துத் தேய்த்தான். ஜன்னல், நாற்காலி, சேலை எல்லாம் அப்படியே இருக்க, மாமியார் முகம் மட்டும் துணியோடு வந்துவிட்டது.

"அப்பா நொறுங்கிப் போயிடுவார். நீங்களாச்சு, அவராச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட மனைவி, அதற்கப்புறம் அவனோடு பேசவே இல்லை.

அன்றைக்கு ஓடிவந்தவன்தான் இந்த வகுப்புக்கு. கல்யாண போட்டோவைப் பெரிசாக்கி வைத்துக்கொண்டு, ஆறு வாரத்தில் மூன்று முறை முழுப் படத்தையும் அட்டையில் நகல் எடுத்துப் பழகினான். ஜன்னல் வெளிச்சம் வந்தது, பட்டனைப் பிடித்த விரல்கூட வந்தது. முகம் மட்டும் வருவேனா என்றது.

"முப்பது வருஷம் காய்ஞ்ச ஆயில் டர்பன்டைனுக்கெல்லாம் அசையாதே!" டீச்சருக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை.

"என் நேரம், அசைஞ்சுதே! இப்போ கண்ணை எப்படிப் போடுறதுன்னு சொல்லுங்க."

"கண்ணைப் போடாதீங்க. நிழலை மட்டும் போடுங்க, கண்ணு தானா வரும்."

மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டான். நாலு மணிக்கு, ஊசியைப் பார்த்துக் குனிந்த அந்த ரெண்டு கண்ணும் எப்படியோ வந்து உட்கார்ந்தன. "ஒரு வாரத்துக்கு யாரும் தொடக்கூடாது" என்று டீச்சர் கத்தியதைக் காதில் வாங்கியபடியே, ஈரப் படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் சுவரில் மாட்டினான்.

மாமா வந்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராகப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். கிட்டே போய்க் கன்னத்தைத் தொட்டார். விரலில் பெயின்ட் ஒட்டியது.

மாப்பிள்ளைக்குப் பாதி உயிர் போயிற்று. "மன்னிச்சுடுங்க மாமா! அழுக்குன்னு நினைச்சுத் துடைச்சேன், அத்தை முகமே போயிடுச்சு. நான்தான் திரும்ப வரைஞ்சேன்" என்று காலில் விழப் போனான்.

மாமா அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"அதே கண்ணு மாப்பிள்ளை! எனக்கே மறுபடி வரலையே இது."

"என்ன மாமா சொல்றீங்க?"

மகள் சமையலறையில்தான் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு, மாமா அவன் காதோடு சொன்னார்:

"போன வருஷம் நானும் அழுக்குன்னு நினைச்சுத்தான் தின்னர் போட்டுத் தேய்ச்சேன், அப்புறம் தெரியாத கண்ணோட நானே ஏதோ வரைஞ்சு வச்சேன்... என் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க!"