படங்களை எடுத்துவிட்ட சுவர்

"திங்கட்கிழமை காலைக்குள்ள குழந்தைங்க போட்டோ, அவங்க வரைஞ்ச படம், செஞ்ச பொம்மை எல்லாம் அவங்கவங்க வீட்டுக்குப் போயிடணும். சுவர்லயோ மேசையிலயோ ஒண்ணுகூட இருக்கக் கூடாது."

வெள்ளிக்கிழமை சாயந்தரம், எல்லாரும் பையைத் தூக்குகிற நேரம் பார்த்து மேனேஜர் அம்மா இந்தக் குண்டைத் தூக்கிப் போட்டார்.

லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியின் புகார்ப் பிரிவு அது. ஐந்து மேசை, ஐந்து போன். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் நாள் முழுக்கக் கத்துவார்கள். அந்தக் கத்தலுக்கு நடுவில் மனுஷர் உட்காரும்படி அந்த அறையை மாற்றியவள் 'அலங்காரம்'. ஆபீஸ் வைத்த பட்டப்பெயர்தான். சொந்தப் பெயர் சம்பள நாளன்றுதான் வெளியே வரும்.

மகள் வரைந்த மூன்று கால் யானையை முதலில் அவள்தான் சுவரில் ஒட்டினாள். அப்புறம் ஆளாளுக்குக் கொண்டுவந்தார்கள். டிரைவர் அண்ணனின் பேரன் பொக்கை வாயோடு சிரிக்கும் போட்டோ. டைப்பிஸ்ட் அக்காவின் இரட்டைப் பிள்ளைகள் களிமண்ணில் பிடித்த ஆமை. இரண்டு வருஷத்தில் சுவரின் நிறமே மறந்துபோயிருந்தது.

"ஏன் மேடம்? யாராவது புகார் பண்ணாங்களா?"

"இல்ல."

"பெயின்ட் அடிக்கப் போறாங்களா?"

"அதெல்லாம் இல்லம்மா. சொன்னதைச் செய்."

"செடி?"

"செடி இருக்கட்டும். என் ரூம் விளக்கு, மேசை விரிப்பு எல்லாம் அப்படியே இருக்கட்டும். குழந்தைங்க சம்பந்தப்பட்டது மட்டும்தான்."

அலங்காரத்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆமைக்கு இடம் போதவில்லை என்று போன மாசம் தன் அறையிலிருந்து ஸ்டூலைத் தூக்கி வந்து போட்டவரே இந்த அம்மாதான்!

"திங்கட்கிழமை வேற கிளையிலேருந்து புது சூப்பர்வைசர் வர்றாராம்" என்று டிரைவர் அண்ணன் அவள் காதைக் கடித்தார். "அவருக்கு இதெல்லாம் பிடிக்காது போல."

"குழந்தைங்க படத்தைப் பிடிக்காத மனுஷனா? வர்றதுக்கு முன்னாடியே சட்டம் போட ஆரம்பிச்சுட்டாரா?"

"என்னை ஏம்மா முறைக்கிறே? என் பேரனும்தான் வீட்டுக்கு வர்றான்."

வீட்டில் மகள் பையைத் திறந்து பார்த்துவிட்டாள்.

"அம்மா, என் யானையை ஏன் திருப்பிக் கொண்டுவந்தே? நல்லா இல்லன்னு சொல்லிட்டாங்களா?"

"இல்லடி கண்ணு. அங்க இடம் இல்ல."

"பொய்! நான் வந்தப்போ ஜன்னல் பக்கம் நெறைய இடம் இருந்துச்சே?"

அலங்காரம் சமையலறைக்குள் போய்விட்டாள். முகம்கூடப் பார்க்காத அந்தச் சூப்பர்வைசர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

திங்கட்கிழமை அவர் வந்தார். நாற்பது வயசிருக்கும். ஒல்லியான ஆள். வாசலில் நின்று உள்ளே பார்த்தவர், திரும்ப வெளியே போய்ப் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு வந்தார்.

"புகார்ப் பிரிவு... இதுதானே?"

"இதேதான் சார்." அலங்காரத்தின் குரல் விறைப்பாக வந்தது.

அவர் உட்காரவில்லை. சுவரையே பார்த்தார். அங்கே படம் இருந்த இடங்களில் வெளிறிய சதுரங்களும், பிய்ந்த டேப்பும்தான் மிச்சம்.

"இங்க இருந்த படமெல்லாம் எங்கம்மா?"

"எடுத்தாச்சு சார். உங்களுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னுதான்."

"எனக்கா?" அவர் விழித்தார்.

அதைப் பார்த்து இவளும் விழித்தாள். சட்டம் போட்டவர் இவர் இல்லையா? அப்படியானால் யார்? இங்கே படம் இருந்தது இவருக்கு எப்படித் தெரியும்?

அதற்குள் மேனேஜர் அம்மா ஓடிவந்து அவளைத் தன் அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

"கொஞ்ச நேரம் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா? அவரோட ஒரே பொண்ணு, ஏழு வயசு, காய்ச்சல்ல போய்ச் சேர்ந்துட்டா. மூணு மாசம்தான் ஆகுது. திரும்பின பக்கமெல்லாம் குழந்தைங்க முகமா இருந்தா அந்த மனுஷன் எப்படி உட்கார்ந்து வேலை பார்ப்பார்? வந்த அன்னிக்கே எல்லாரும் பாவமா பார்க்க வேண்டாம்னுதான் யார்கிட்டயும் சொல்லல."

அலங்காரம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மூன்று நாளாக மனசுக்குள் அந்த இரண்டு பேரையும் திட்டிய திட்டு கொஞ்சமா நஞ்சமா?

வெளியே வந்தாள். அவர் இன்னும் அதே இடத்தில் நின்றிருந்தார்.

"மன்னிச்சுக்குங்க சார். விஷயம் தெரியாம வெடுக்குனு பேசிட்டேன். இனிமே இந்தச் சுவர்ல ஒரு படம்கூட வராது. நான் பார்த்துக்கறேன்."

"வேண்டாம்மா!" பதறிப்போய்ச் சொன்னார். "வீட்லயும் இப்படித்தான் பண்ணிட்டாங்க. நான் பார்த்துப் பார்த்து அழுவேன்னு சொந்தக்காரங்க எல்லாம் சேர்ந்து அவ போட்டோ, கிறுக்கின காகிதம், ஒண்ணு விடாம மூட்டை கட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. அங்கயும் வெறும் சுவர்தான் இருக்கு."

மேனேஜர் அம்மா அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

சூப்பர்வைசர் சுவரில் தொங்கிய டேப் துண்டு ஒன்றை விரலால் மெல்ல அழுத்தி ஒட்டினார்.

"போன வருஷம் ஒரு மீட்டிங்குக்கு வந்தப்போ இந்தச் சுவரைப் பார்த்தேன். அதுக்காகவேதாம்மா இந்த ஆபீசுக்கு மாத்தல் கேட்டு வந்தேன்."