பாதியாய்க் குறைந்த குப்பை

துறையில் யாருக்கும் கைக்குழந்தை கிடையாது. அப்படியிருக்க, பின்வாசல் குப்பைத் தொட்டியில் தினமும் டயப்பர் எங்கிருந்து வருகிறது?

"வாசல்ல சுற்றுச்சூழல் பொருளியல் துறைன்னு போர்டு. பின்னாடி போனா மூக்கைப் பொத்தணும்! நாளைக்கு வெளியிலேருந்து தேர்வாளர் வர்றார், மானம் போயிடும்" என்றார் பேராசிரியை. "தராசு, குப்பை உன் சப்ஜெக்ட். நீயே கண்டுபிடி."

வகுப்பே சிரித்தது. அவள் குறுகிப்போனாள்.

தராசு என்பது அவளுக்கு வகுப்பு வைத்த பெயர். அவளுடைய ஆய்வு அப்படி. குப்பை கொட்டுவது இலவசமாக இருக்கும்வரை யாரும் யோசிப்பதில்லை. எடைபோட்டுக் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கினால் கை தானாகத் தயங்கும்; மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார்கள், கடையில் கொடுக்கிற பையை வேண்டாம் என்பார்கள்.

குடியிருப்போர் சங்கத்தைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்து, தான் குடியிருக்கும் அபார்ட்மென்ட் வாசலிலேயே தராசை வைத்தாள். ஒரே மாதத்தில் குப்பை பாதியாகக் குறைந்தது. நாளைக்கு அதைத்தான் தேர்வாளர் முன் விளக்க வேண்டும். அதில் தேறினால்தான் பட்டம்.

மறுநாள் காலை வழக்கம்போல அப்பாதான் காரில் கொண்டுவந்து விட்டார். ரிடையரான பிறகு அவராகவே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. வண்டியில் புதிதாக ஒரு வாசனை டப்பா தொங்கியது.

"என்னப்பா இது, சென்ட் கடைக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு?"

"முக்கியமான நாள் இல்லையா? கமகமன்னு போய்ப் பேசும்மா." ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

முன்வாசலில் இறங்கியவள் வகுப்புக்குப் போகவில்லை. கட்டிடத்துக்குள் புகுந்து பின்பக்கம் ஓடி, தூணுக்குப் பின்னால் ஒளிந்தாள். ஆளைக் கையும் களவுமாகப் பிடித்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

ஒரு கார் வந்து நின்றது. அவர்கள் வீட்டுக் கார்தான். அப்பா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு டிக்கியைத் திறந்தார்.

யாராவது பார்க்கிறார்களா என்று அவளும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அப்பா!"

கையிலிருந்த பையை அவர் போடவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அப்படியே நின்றார்.

"கிலோவுக்கு அஞ்சு பத்து மிச்சம் பிடிக்கவா இந்தத் திருட்டுத்தனம்? பொண்ணு வச்ச திட்டத்துக்குப் பெத்த அப்பாவே குழி தோண்டுவாங்களா? வெளியில தெரிஞ்சா நான் மூஞ்சியை எங்கப்பா வச்சுக்குவேன்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் அவள் டிக்கிக்குள் பார்த்தாள். சிவப்பு, நீலம், கறுப்பு என்று மூடமுடியாத அளவுக்குப் பைகள்.

"நம்ம மூணு பேருக்கு இவ்வளவு குப்பையா?"

"தராசு வச்ச நாள்லேருந்து, படியில ஏறும்போதும் இறங்கும்போதும் ஆளாளுக்கு உன்னைக் கரிச்சுக் கொட்டினாங்கம்மா. பெத்தவன் காதால கேக்க முடியல. 'அவளை ஒண்ணும் சொல்லாதீங்க, பையை எங்கிட்டக் குடுங்க'ன்னு கதவு கதவாத் தட்டி வாங்கிட்டேன்."

"அப்போ... குறைஞ்ச குப்பை?"

அவர் பையை மெல்லத் தரையில் வைத்தார்.

"குறையவே இல்லம்மா. பாதியை நான் இங்க கொண்டாந்து கொட்டிட்டிருந்தேன்."