பக்கத்துச் சாரதி

புதுச் சாரதியுடன் பழைய சாரதி ஒருவர் போக வேண்டும் என்பது கொம்பனி விதி. மனைவி இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் வேலைக்குச் சேர்ந்த தவராசாவை மட்டும் வெங்காய லொறியில் தனியே அனுப்பினார்கள்.

"கைப்பிள்ளையைப் பாக்க ஆளில்லை அண்ணை. தனிய ஓட ஏலாது. வேலையை விடுறன்" என்றான்.

மனேச்சர் லொறியின் வெறும் இடப்பக்க இருக்கையைப் பார்த்துச் சிரித்தார். "நீர் எப்ப தனிய ஓடினனீர், தம்பி? பக்கத்தில இருக்கிற உவர் விட்டால் போம்."

ஆனையிறவுச் சோதனைச் சாவடியில் சாரதியைத் தவிர எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்த தவராசாவிடம் ஆமிக்காரன், "ட்ரைவர் இருக்கட்டும். நீ இறங்கு" என்றான்.

இறங்கினான். லொறி அவனைக் கடந்து தெற்கே போனது. பக்கத்திலிருந்தவர் தன்னை விட்டுவிட்டார் என்று நினைத்து வடக்கே வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தான்.

இயக்கச்சிச் சந்தியில் அதே லொறி நின்றது. இடப்பக்கக் கதவு அவனுக்காகத் திறந்திருந்தது.