பொன்னுத்தாயின் முத்துப் பல்

நீலாம்பாள் கையிலிருந்த ஊக்கை வெடுக்கென்று பிடுங்கி வாய்க்காலில் வீசிவிட்டாள் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய்.

"எம் பொண்ணு பல்லு, நான் சுரண்டுறேன். உங்களுக்கு என்னக்கா?"

"ஈறு கிழிஞ்சு ரத்தம் வருதே, கண்ணு தெரியலியா?"

மகள் எழில்மொழி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தஞ்சாவூரில் புதிதாகத் திறக்கும் செல்போன் கடையில் வரவேற்பு வேலை. இன்டர்வியூவுக்கு ஒரு மாசம்தான் இருந்தது. கீழ்வரிசைப் பல் முழுக்க மஞ்சள் காரை. நடவுக்குப் போகாமல் நாற்காலியில் உட்காரப்போகிறவள் அந்தக் குடும்பத்திலேயே இவள்தான். அதைப் பல் கெடுத்துவிடுமோ என்று தாய்க்குத் தவிப்பு. ரைஸ்மில் உமிக்கரியில் உப்பைக் கலந்து பரபரவென்று தேய்த்துவிட்டாள். காரை அசையவில்லை. அப்புறம்தான் ஊக்கு.

"கல்லா இறுகினதை டாக்டர்தான் எடுக்கணும்டி. மறுபடி படியாம பாத்துக்கறதுதான் வீட்டு வேலை. மெத்துனு ஒரு பிரஷ்ஷு, பட்டாணி அளவு பேஸ்ட்டு. காலைல ஒருதரம், படுக்கப் போறப்ப ஒருதரம், ஈறோரமா மெதுவா ரெண்டு நிமிஷம். உமிக்கரியைக் குப்பையில கொட்டு!"

நீலாம்பாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு வருஷம் குவைத்தில் வீட்டு வேலை பார்த்துவிட்டுப் போன தையில்தான் ஊருக்கு வந்தாள் இந்தப் பொன்னுத்தாய். அந்த வெள்ளைவெளேர் பல்லைக் காட்டிச் சிரிக்கிற சிரிப்பென்ன, பவுசென்ன! முத்துப் பல்லோடு பிறந்தவளுக்கு அடுத்தவள் கஷ்டம் எங்கே தெரியப்போகிறது?

மகளோ பொன்னுத்தாய் பெரியம்மா பேச்சைத்தான் கேட்டாள். டாக்டர் காரையை எடுத்துவிட்டார். அதற்கப்புறம் ஒருவேளைகூட விடாமல் பிரஷ். மூன்றாம் வாரம் ஈறில் ரத்தம் நின்றது. இன்டர்வியூவில் வாயைப் பொத்தாமல் பேசினாள், வாய்விட்டுச் சிரித்தாள்.

வேலை கிடைத்துவிட்டது!

நீலாம்பாளுக்குத் தலைகால் புரியவில்லை. கோபத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, கல்லுபோல் கெட்டியாகப் பொருவிளங்கா உருண்டை பிடித்துக்கொண்டு பொன்னுத்தாய் வீட்டுக்கு ஓடினாள்.

"எடுத்துக்குங்கக்கா. உங்க புண்ணியம்!"

பொன்னுத்தாய் உருண்டையைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"அப்புறமா தின்னுக்கறேன்."

"ஒரு கடி கடிங்க."

"இருக்கட்டும் நீலா."

நீலாம்பாள் முகம் சுண்டிப்போயிற்று. "குவைத்து மிட்டாய் தின்ன வாய்க்கு எங்க வீட்டு உருண்டை ஆகாதோ?"

பொன்னுத்தாய் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். வாய்க்குள் விரலை விட்டாள். மேல்வரிசை, கீழ்வரிசை, இரண்டும் உள்ளங்கைக்கு வந்துவிட்டன.

"முப்பத்தஞ்சு வயசுலயே அத்தனையும் போச்சுடி. நானும் உன்னை மாதிரி சுரண்டினவதான்," என்று பொக்கைவாயால் குழறிச் சிரித்தாள். "இந்த உருண்டையை உரல்ல போட்டு இடிச்சுக் கொண்டா, இப்பவே திங்கிறேன். நம்ம பொண்ணு ஜெயிச்சிருக்கால்ல!"